மத்தியானப் பள்ளி, நாலாவது மாடி: ஒரு தோட்டப்பட்டணத்து நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிறவர்கள் மலேசியாவில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர். அக்கா 2005ல் பிறந்தவள், தம்பி 2010ல். இருவருக்கும் ஒரே தமிழ்ப்பள்ளி, அப்புறம் ஒரே தேசிய இடைநிலைப்பள்ளி. அக்கா ஐந்து வருடமும் ஒழுங்காகப் போய், படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதி, பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்குச் சேர்ந்துவிட்டாள். தம்பி இடைநிலையின் முதல் வகுப்பான படிவம் 1 முடிவதற்குள் மூன்று எச்சரிக்கைக் கடிதம் வாங்கி, பள்ளியிலிருந்து பெயர் நீக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டான்.

ஏன் என்று கேட்டால் ஊரில் பதில் தயாராக இருக்கிறது. "அந்த ஸ்கூலுக்குப் போனா பிள்ளைங்க கெட்டுதான் போகும்" என்கிறார்கள் பெற்றோர். வசதியுள்ளவர்கள் பிள்ளையைக் கிள்ளான் பக்கமோ ரவாங் பக்கமோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். பள்ளியில் கேட்டால், பெற்றோருக்கு அக்கறையில்லை, கூப்பிட்டாலும் வருவதில்லை என்கிறார்கள். இங்கே மாலை வகுப்பு நடத்துகிறவன் என்பதால் இரண்டு புலம்பலும் என் காதில் விழும். ஆனால் அக்காவும் அதே பள்ளியில்தான் படித்தாள், அதே பெற்றோருக்குப் பிறந்தவள்தான். ஆக, இரண்டு பதிலும் இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. நடுவில் வேறு எதுவோ மாறியிருக்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு அதை இங்கே எழுதுகிறேன். பட்டணத்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

தோட்டம் போன ஊர்

இடம் கோலசிலாங்கூர் மாவட்டம். 1917ல் ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தைத் தொடங்கியது இந்த மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அதைச் சுற்றி ரப்பர், செம்பனை என்று தோட்டங்கள், தோட்டத்துக்கு ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. பின்னாளில் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. மிச்சமிருக்கும் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்கள் பட்டணத்து ஓரத்து மலிவுவிலை பிளாட்டுகளுக்கு வந்துவிட்டார்கள்.

இந்தக் குடும்பம் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வந்தது 2020 கடைசியில். பிளாட்டில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கூட இருந்த பாட்டியால் படியேற முடியவில்லை. சுங்கை சிப்புட்டில் இருக்கும் இளைய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா இன்னொரு தோட்டத்தில் பழ லோரி ஓட்டுகிறார், விடியுமுன் மோட்டாரில் கிளம்பிவிடுவார். அம்மா தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். கம்பெனி வேன் 5:45க்குக் கீழே வந்து நிற்கும்.

அக்காவின் காலம்

பள்ளி இரண்டு வேளையாக நடக்கிறது. படிவம் 3, 4, 5 காலையில்; புகுமுக வகுப்பும் (மலாய் போதாத பிள்ளைகளுக்குப் படிவம் 1க்கு முன் ஒரு வருடம்) படிவம் 1, 2ம் மத்தியானத்தில். கட்டடம் போதாததால் வந்த ஏற்பாடு. நாட்டில் பல இடைநிலைப்பள்ளிகள் இன்றும் இப்படித்தான் ஓடுகின்றன. மத்தியானப் பிள்ளைக்கு 12 மணிக்குப் பஸ், ஒரு மணியளவில் வகுப்பு, வீடு திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம்.

அக்கா 2018லும் 2019லும் மத்தியானப் பள்ளிக்குப் போனவள். அப்போதும் அம்மா அப்பா விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) போனவர்கள்தான். ஆனால் வீட்டில் பாட்டி இருந்தார். பாட்டி ஒரு நாள் வெளியே போனாலும் பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். பதினொன்றரைக்கு யூனிபார்ம் போடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தால் லயத்தில் நாலு பேர் கேட்பார்கள். "காய்ச்சல்னு சொல்லித் தப்பிக்கவே முடியாது. ஆயா வந்து நெத்தியைத் தொட்டுப் பார்த்துடும்" என்கிறாள் அக்கா.

அவளுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததுண்டு. இந்த ஆய்வுக்கு அது மிக முக்கியம். படிவம் 2ல் தோட்டத்துத் திருவிழா சமயம் தொடர்ந்து மூன்று நாள் போகவில்லை, காரணக் கடிதமும் கொடுக்கவில்லை. தோட்டத்து முகவரிக்கு வரும் தபால் எல்லாம் ஆபீஸுக்குத்தான் போகும். ஆபீஸ் எழுத்தரான கிராணி பிரித்துப் பார்த்தார். மலாயில் இருந்ததை அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் நின்று படித்துச் சொன்னார், நாலு வார்த்தை திட்டவும் செய்தார். மறுநாள் காலை அப்பா பள்ளியில் இருந்தார். பள்ளியின் பார்வையில் அன்று கடிதம் வேலை செய்தது. உண்மையில் வேலை செய்தவர் கிராணி.

தம்பியின் காலைப்பொழுது

தம்பி தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 4ல் இருந்தபோது 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆண்டு 4ம் 5ம் பெரும்பாலும் கைப்பேசியில் போயின. வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு லோரியில் போய்விடும். ஆண்டு 6ல் வரும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2020ல் நடக்கவில்லை, 2021ல் முற்றாக எடுக்கப்பட்டது. பிள்ளை எவ்வளவு பின்தங்கியிருக்கிறான் என்று வீட்டுக்குக் காட்டும் ஒரு தாளும் அதோடு போயிற்று. தமிழ்ப்பள்ளி முடித்தபோது அவனுடைய மலாய்மொழி படிவம் 1க்குப் போதவில்லை என்று 2023ல் புகுமுக வகுப்பில் போட்டார்கள். ஊர் வழக்கில் ரிமூவ் கிளாஸ்.

அந்த ஒரு வருடம் அவன் நன்றாகவே பள்ளிக்குப் போனான். இதை முதலில் அம்மாகூடக் கவனிக்கவில்லை. நாங்கள் பழைய வருகைக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அக்கா எஸ்.பி.எம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த வருடம் அது. எழுப்பி, சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட்டவள் அவள்தான். 2024 தொடக்கத்தில் அவள் பாலிடெக்னிக் விடுதிக்குப் போனாள். மார்ச்சில் தம்பி படிவம் 1 தொடங்கினான். அங்கேதான் கோடு கீழே இறங்குகிறது.

காலை 5:45லிருந்து பஸ் வரும்வரை ஆறு மணி நேரத்துக்கு மேல் 14 வயதுப் பையன் தனியாக. என்ன செய்வாய் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னான். இரவு கைப்பேசி பார்ப்பதால் காலையில் அம்மா எழுப்பும்போது "ம்" சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவான். எழுந்தால் பத்தரை, பதினொன்று. மேகி. யூனிபார்ம் துவைத்துக் காயாமல் இருக்கும். தேடி, தேய்த்து, நாலு மாடி இறங்குவதற்குள் பஸ் போயிருக்கும். நடந்து போகலாம், ஆனால் கேட்டை மூடிவிடுவார்கள். தாமதமாக வந்தவர்களைத் தனியாக நிற்க வைத்துப் பெயர் எழுதுவார்கள். "அதுக்குப் போகாமலே இருக்கலாம் அண்ணே. போகலன்னா யாரும் கேக்கல."

கடைசி வரியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தாமதமாக வந்தால் உடனே தண்டனை. வராமலே இருந்தால் பல வாரம் கழித்து ஒரு கடிதம், அதுவும் வேறு யாருக்கோ போகிற கடிதம். இந்தக் கணக்கைப் போட எந்தப் பையனுக்கும் டியூஷன் தேவையில்லை.

சாப்பாடும் ஒரு காரணம். தமிழ்ப்பள்ளியில் வறிய பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டத்தில் அவனுக்குத் தினமும் ஒரு வேளை கிடைத்தது. அந்தத் திட்டம் ஆரம்பப்பள்ளிக்குத்தான். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் நின்றுபோகிறது. உயரம் கூடுகிற வயதில் சாப்பாடு குறைகிறது. பாடநூல் இரவலாகக் கிடைக்கிறது. வருடத் தொடக்கத்தில் அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் சப்பாத்துக்கும் யூனிபார்முக்கும் போய்விடும். மாதாமாதம் பஸ் காசும், தினம் கண்டின் காசும் வீட்டுத் தலையில்தான். கண்டின் காசைச் சில நாள் கைப்பேசி டாப்அப்புக்குப் போட்டதாக அவனே ஒத்துக்கொண்டான்.

வாரத்தில் இரண்டு நாள் விட்டால் மற்ற மூன்று நாளும் வகுப்பில் ஒன்றும் புரியாது. கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்தவன், இங்கே எல்லாம் மலாயில். புள்ளிவாரியாகப் பிரித்த வகுப்புகளில் அவனுடையது கடைசி. "அந்த வகுப்பு" என்று ஆசிரியர்கள் சொல்லும்போது குரலே மாறும். விட்ட பாடத்தைக் கேட்டால் முழிக்க வேண்டும், முழித்தால் சிரிப்பார்கள். அதனால் இன்னும் இரண்டு நாள் விடுவான்.

யாரும் வாசிக்காத கடிதங்கள்

வருகை விதி எல்லா அரசாங்கப் பள்ளிக்கும் ஒன்றுதான். காரணமில்லாமல் விட்டுவிட்டு 10 நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கை. இன்னும் 10 நாள் போனால் இரண்டாவது. அதற்கு மேல் 20 போனால் மூன்றாவது. மேலும் 20 போய் மொத்தம் 60 ஆனால் பள்ளி பெயரை நீக்கலாம். தொடர்ச்சியாக வராதவனுக்குக் கணக்கு இன்னும் வேகம்: 3 நாளில் முதல் கடிதம், மொத்தம் 31 நாளில் நீக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் பெற்றோருக்குத் தெரியப்படுத்த வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதிதான்.

பள்ளி அதை அப்படியே செய்தது. மூன்று கடிதமும் பதிவுத் தபாலில் போயின. போன முகவரி: பழைய தோட்டம், லயத்து வீட்டு எண். அம்மாவின் அடையாள அட்டையில் முகவரி மாறவில்லை. தமிழ்ப்பள்ளிப் பதிவில் இருந்ததே இடைநிலைப்பள்ளிக்கும் வந்துவிட்டது. தொலைபேசி எண்ணும் பழையது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அம்மா இல்லை. தோட்ட ஆபீஸில் இப்போது இருப்பவர் வேறு. தமிழர் குடும்பங்கள் போன பிறகு லயத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கடிதங்கள் அங்கே ஒரு மேசை இழுப்பறையில் இருந்திருக்கலாம், திரும்பியும் போயிருக்கலாம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது தொழிற்சாலை வேனில்தான். கூட வேலை செய்யும் பெண்ணின் மகள் அதே வகுப்பு. "உன் பையன் ஏன் ஸ்கூலுக்கே வர்றதில்லையாம்?" அப்போது கணக்கு 40ஐத் தாண்டியிருந்தது.

அக்காவைக் காப்பாற்றிய அதே கடிதம், அதே முகவரி. நடுவில் கிராணி இல்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் நடந்த பேச்சு

அம்மா போகத் தயங்கினார். தயக்கத்துக்கு இரண்டு காரணம். ஒன்று சம்பளம்: ஒரு நாள் லீவு எடுத்தால் அன்றைய கூலியோடு அந்த மாத வருகைப் படியும் போய்விடும். இரண்டாவது, அவரும் அதே பள்ளியில் படிவம் 3 வரை படித்தவர். "நான் படிச்சப்ப எங்கம்மாவ ரெண்டே தடவதான் கூப்பிட்டாங்க. ரெண்டும் திட்டுறதுக்கு. இப்ப என் முறையா?" என்றார். பெற்றோருக்கு அக்கறையில்லை என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். அக்கறைக்கும் தைரியத்துக்கும் உள்ள தூரத்தை அங்கே யாரும் அளந்ததில்லை.

கடைசியில் வந்தார். மத்தியான வேளை மேற்பார்வையாளர், கட்டொழுங்கு ஆசிரியர், தமிழ் டீச்சர் மூவரும் இருந்தார்கள். தமிழ் டீச்சருக்கு அட்டவணையில் இருக்கும் வேலை தமிழ்மொழிப் பாடம். அட்டவணையில் இல்லாத வேலை, தமிழ்ப் பெற்றோர் யார் வந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து நடுவில் உட்காருவது. அதற்குக் கணக்கும் கிடையாது, நன்றியும் கிடையாது.

கட்டொழுங்கு ஆசிரியர் கோப்பைத் திறந்து மூன்று கடிதத்தின் நகலையும் தபால் ரசீதுகளையும் வரிசையாக வைத்தார். எங்கள் கடமையைச் செய்துவிட்டோம் என்ற முகம். அம்மா முதல் நகலைப் பார்த்துவிட்டு டீச்சரிடம் சொன்னார்: "டீச்சர், இந்த அட்ரஸ்ல இப்ப எங்க ஆளுங்க யாருமே இல்ல. நாங்க வந்து நாலு வருசமாச்சு."

டீச்சர் மொழிபெயர்த்ததும் மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து, எச்சரிக்கை வாங்கிய மற்றப் பிள்ளைகளின் கோப்புகளை எடுத்தார். அதே தோட்டத்து முகவரியில் இன்னும் சிலர். காலியாகிவிட்ட பக்கத்துத் தோட்டத்து முகவரியிலும் சிலர். அவர் கிளந்தான்காரர், குடும்பம் அங்கே, மாற்றலுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர். இந்தத் தோட்டங்களில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்த நாம் யாரும் போய்ச் சொன்னதும் இல்லை.

இந்தப் பள்ளி சிரமப்படுவதற்கு நான் கண்ட காரணம் இதுதான். அது இன்னும் தோட்டத்தை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளையை மத்தியானம் அனுப்பிவைக்க ஒரு பாட்டி, கடிதத்தைப் படித்துச் சொல்ல ஒரு கிராணி, வாசலில் உட்கார்ந்தவனை விரட்ட ஒரு லயம். இவையெல்லாம் இருந்த காலத்தில் போட்ட ஏற்பாடு அப்படியே இருக்கிறது, இவை மட்டும் இல்லை. லயத்து வாழ்க்கையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. கிராணிக்குப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். ஆனால் சம்பளமில்லாமல் அது செய்த ஒரு வேலையை இப்போது செய்ய ஆளில்லை.

சட்டம் வேறு திசையில் போகிறது. 2003லிருந்து ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் தவறான முகவரிக்குப் போகும் கடிதம் கட்டாயக் கல்விக் காலத்திலும் தவறான முகவரிக்குத்தான் போகும். அப்போது பழி முழுக்க அம்மாவின் மேல் விழும்.

செய்து பார்த்தவை

முகவரியும் எண்ணும் அன்றே திருத்தப்பட்டன. காலை வேளைக்கு மாற்ற முடியுமா என்று அம்மா கேட்டார். படிவம் 1க்குக் காலையில் வகுப்பே இல்லை என்றார்கள், அது உண்மை. சரி, மத்தியானப் பிள்ளைகள் காலையிலேயே வந்து நூல்நிலையத்தில் இருக்கலாமா? ஆலோசக ஆசிரியர் ஒத்துக்கொண்டார். சில வாரம் நடந்தது. அப்புறம் எஸ்.பி.எம். வந்தது, நூல்நிலையம் தேர்வுக்குப் போயிற்று, சாவியும் கைமாறியது. பள்ளியில் எந்த இடமும் முதலில் எஸ்.பி.எம்.முக்குத்தான், மற்றவர்கள் மிச்சத்தில்.

பிறகு கோயில் மண்டபம். பள்ளிக்கு நடந்து போகிற தூரம். ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் (அக்காவின் கடிதத்தைப் படித்தவர் அல்ல, வேறு தோட்டத்துக்காரர்) ஒன்பது மணிக்குத் திறப்பதாகச் சொன்னார். நிர்வாகத்தில் ஒரு கூட்டம் முழுக்க வாக்குவாதம்: மின்கட்டணம் யார் கட்டுவது, பிள்ளைகள் சப்பாத்தோடு ஏறினால் என்ன செய்வது. பெண்கள் பிரிவு முன்வந்து காலைச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பேச்சு அடங்கியது. சாப்பாடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் நாசி லெமாக், வெள்ளிக்கிழமை பிரசாதம். பிளாட்டிலிருந்து பத்துக்குக் குறைவான பிள்ளைகள். பாடம் என்று பெரிதாக எதுவும் நடத்தவில்லை. மலாய் நாளிதழை ஆளுக்கு ஒரு பத்தி உரக்க வாசிப்பார்கள், வீட்டுப்பாடம் செய்வார்கள், ஒருவனுக்குத் தூக்கம் வந்தால் தூங்குவான். பதினொன்றரைக்கு யூனிபார்ம் போட்டு எல்லாரும் சேர்ந்து நடப்பார்கள். பஸ்ஸைத் தவறவிடும் பேச்சே இல்லை. வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒன்பதரைக்குள் போன் போய்விடும். பள்ளி 10 நாள் கழித்துச் செய்வதைக் கிராணி அரை மணி நேரத்தில் செய்தார்.

தம்பியின் கணக்கு 60ஐத் தொடவில்லை. படிவம் 2ல் விட்ட நாட்கள் இருந்தன, ஆனால் ஒரு எச்சரிக்கையோடு நின்றது. அவனுக்குத் திடீரென்று படிப்பு வந்துவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். மலாய் இன்னும் தடுமாற்றம். வரலாறு மோசம், எஸ்.பி.எம். சான்றிதழுக்கு இந்த இரண்டிலும் தேர்ச்சி வேண்டும் என்பதால் கவலையும் இருக்கிறது. கணிதம் பரவாயில்லை. மண்டபத்துக்கு வந்த இன்னொரு பையன் நடுவில் கார் கழுவும் கடைக்குப் போய்விட்டான். அவன் அப்பாவின் கடன் விவகாரம் வேறு. மண்டபத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

பள்ளியிலும் ஒன்றிரண்டு மாறின. வருடத்தின் முதல் வாரத்தில் பிள்ளைகளை விட்டே முகவரியையும் எண்ணையும் எழுதி வாங்குகிறார்கள். முதல் கடிதத்துக்கு முன் ஒரு போன் செய்கிறார்கள். தமிழ் வீடுகளுக்குச் செய்வது வழக்கம்போல அந்த ஒரே தமிழ் டீச்சர்தான். பி.ஐ.பி.ஜி. எனும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தைச் சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மத்தியானத்துக்கு ஒரு முறை மாற்றிப் பார்த்தார்கள். தொழிற்சாலை அம்மாக்கள் வந்து நாற்காலி போதாமல் போனது. அடுத்த கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினருக்கு ஞாயிறு வசதிப்படவில்லை என்று பழையபடி சனிக்கிழமைக்கே போயிற்று. நாற்காலிகள் மிஞ்சின.

தம்பி 2026 ஜனவரியில் படிவம் 3க்குப் போனான். காலைப் பள்ளி. அம்மாவின் வேன் வரும் அதே நேரத்தில் அவனும் இறங்கிவிடுகிறான். படிவம் 4க்குத் தொழிற்கல்விப் பாடம் எடுப்பதா, பள்ளியை முடித்து கியாட் மாரா தொழிற்பயிற்சி மையத்துக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அப்பாவுக்கு லோரி லைசென்ஸ் எடுத்தால் போதும் என்ற எண்ணம். அக்கா விடுதியிலிருந்து விண்ணப்பப் பாரங்களைக் கைப்பேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். மண்டபத்தில் இப்போது இருப்பது புதிய ரிமூவ் கிளாஸ் பிள்ளைகள். கிராணிக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் திறக்க வேறு ஆள் கேட்டு நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறோம். இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை.